அது நேரான பள்ளம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப்போர் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையில், 'வீரர்கள் நேராக ஒரு நீண்ட பள்ளம் வெட்டி அதில் ஒளிந்துகொண்டார்கள்' என்று ஒரு வரி. இரண்டு நாளாக அது மனதை அறுக்கிறது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். மோர்ச்சா என்று நாங்கள் சொல்லும் போர்க்குழியைத் தோண்டித் தோண்டிக் கை காய்த்துப்போனவன்.

பயிற்சிக் காலத்தில் ஒருநாள் ராத்திரி, வேலை முடிந்தால் போதும் என்று எட்டுப் பேர் சேர்ந்து நேராகவே வெட்டிவிட்டோம். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் வந்தார். திட்டவில்லை. ஒரு முனையில் இறங்கி, துப்பாக்கியை நீட்டி, ஒவ்வொருவராக எண்ணினார். எட்டு வந்ததும், 'எல்லாரும் செத்தாச்சு, மூடிட்டு மறுபடி வெட்டுங்க' என்றார். விடியும்வரை வெட்டினோம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. எதிரி ஒருவன் உள்ளே குதித்தால் கடைசி ஆள் வரை சுட்டுக்கொண்டே போக முடியக்கூடாது. குண்டு விழுந்தால் அதன் சில்லுகள் அந்தத் துண்டோடு நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் சில கஜத்துக்கு ஒரு திருப்பம். ஆள் மறையும் ஆழம் என்பதால், ஏறி நின்று சுட முன்சுவரில் ஒரு படி. எதிரில் மண்மூட்டை அணை. பின்னால் விழும் குண்டுக்காக முதுகுப்பக்கமும் ஓர் அணை. முன்வரிசைக்குப் பின்னால் இன்னும் இரண்டு வரிசை, அவற்றை இணைக்க வளைந்து வளைந்து வரும் வழிக்குழி. சாப்பாடும் தோட்டாவும் அதில்தான் முன்னே போகும், அடிபட்டவன் அதில்தான் பின்னே வருவான். பெல்ஜியத்தில் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அங்கே மண்மூட்டை அடுக்கிச் சுவரே எழுப்பினார்கள். இத்தனையும் 'பள்ளம்' என்ற ஒரே சொல்லில் போய்விட்டது.

'ஒளிந்துகொண்டார்கள்' என்பது அதைவிட வலிக்கிறது. 1914 நவம்பர் 23 இரவு, பிரான்சில் ஃபெஸ்டுபெர் அருகே, எதிரி பிடித்த குழியை மீட்கப் போன, நம் இந்தியப் படைப்பிரிவான கார்வால் ரைஃபிள்ஸின் நாயக் தர்வான் சிங் நேகிக்குத் தலையில் இரண்டு காயம், கையில் ஒன்று. அப்படியும் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் பாய்ந்தவர்களில் அவர் ஒருவர். 1915 மார்ச் 10 அன்று, அதே பிரான்சில் நவ் ஷப்பேலில், அதே படைப்பிரிவின் கபர் சிங் நேகியும் அப்படித்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாக நுழைந்தார். அன்றே உயிரை விட்டார். இருவருக்கும் பிரிட்டிஷ் அரசின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ். அந்த விருதுக் குறிப்பிலேயே திருப்பங்கள் பற்றி இருக்கிறது. நேரான பள்ளத்தில் திருப்பம் எங்கிருந்து வரும், ஐயா?

இதெல்லாம் இன்று நேற்றுக் குறை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், தலைப்பாகை கட்டிய வீரர்களின் படத்துக்குக் கீழே 'பிரிட்டிஷ் வீரர்கள்' என்று போட்டிருந்தீர்கள். அவர்கள் இந்திய வீரர்கள் என்று கடிதம் எழுதினேன், அது இதழில் வரவில்லை. எங்கள் பக்கத்து ஊரில், 1914 போருக்கு அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று பொறித்த கல் ஒன்று உண்டு. அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். போன பொங்கலுக்குப் போய் விரலால் தடவிப் பார்த்தேன். எண் புரியவில்லை. கேட்டால், பழைய கல்தானே என்கிறார்கள். அப்புறம் பத்திரிகையும் இப்படி எழுதினால் நாங்கள் யாரிடம் போவது?

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும். குழியின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் பென்சிலில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்