அங்கே இருட்டிடுச்சு, இங்கே ஆடு மேயுது

காங்கயம்,
மாசி மாதம்.

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சிந்து மாடு போன வாரம் கன்று போட்டது, கிடேரி. அதை முதலில் எழுதச் சொன்னது அப்பா.

அந்தமான் போய் வந்த கதையைப் போனில் எத்தனை தடவை ஆரம்பித்தாலும், பேரன் நடுவில் போனைப் பிடுங்கிக்கொண்டு மாட்டைக் காட்டு, ஆட்டைக் காட்டு என்கிறான். மாட்டைக் காட்டிவிட்டு வந்தால் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. அதுவும் போக, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லமுடியாத சங்கதி ஒன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

நீங்கள் டிக்கெட் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு வரைக்கும் உங்கப்பாவுக்கு ஒரே வெசனம். ஆட்டை யார் பட்டிக்கு ஓட்டுவது, சாயங்காலப் பாலை யார் சொசைட்டியில் ஊற்றுவது. கிழக்குத் தோட்டத்து மாமன் "எல்லாம் நான் பாத்துக்கறேன் மாப்ளே, போச்சாது போங்க" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் பெட்டியைத் தொட்டார். கோயமுத்தூரில் ஏறி, சென்னையில் மாறி, அங்கிருந்து இரண்டு மணி நேரம் கடலுக்கு மேலேயே பறந்தோம். அப்பாவுக்கு ஜன்னல் சீட்டு. கடல் முடியவே மாட்டேன் என்கிறதே என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், செய்தியில் பார்த்திருப்பாய். எங்களுக்கு வண்டி ஓட்டிய தம்பி ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நல்ல தமிழ் பேசினான். அவன் தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து வந்துவிட்டார்களாம். கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். அப்பாவுக்கு அதிலேயே பாதி பயம் போய்விட்டது. செல்லுலார் ஜெயிலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதை இதோடு சேர்த்து எழுத மனசு வரவில்லை.

நீ கேட்டது பொழுது இறங்குவதைப் பார்க்க நாங்கள் போன சிடியா டாப்புவைப் பற்றித்தானே. ஊரிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், தெற்கு அந்தமானின் தென்முனை. கொஞ்ச தூரம் கடலை ஒட்டியே ரோடு போகும், அப்புறம் காட்டுக்குள் நுழைந்துவிடும். மரங்கள் ஒவ்வொன்றும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். நம் ஊர் வெள்வேல மரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மரமா, கோபுரமா என்று ஆகிவிட்டது. வழியெல்லாம் கிளிக்கூட்டம். நான் அழகாக இருக்கிறது என்றேன். உங்கப்பா, "நல்லவேளை, இங்க சோளக்காடு இல்ல" என்றார்.

முண்டா பஹாட் என்று ஒரு குன்று இருக்கிறது, காட்டுக்குள்ளே நடந்து ஏறிப் போனால் கடலுக்கு மேலே பாறை விளிம்பில் நிற்கலாமாம். என் முட்டிக்கு அது ஆகாது என்று கீழேயே இருந்துவிட்டோம். நீங்கள் வந்தால் மாப்பிள்ளையும் பேரனும் ஏறட்டும். கரையில் கையைக் காலை நனைக்கலாம் என்று இறங்கப் போனால் முதலை எச்சரிக்கைப் பலகை. உப்புத் தண்ணீரில் வாழ்கிற முதலை அங்கே நிஜமாகவே உண்டு. பேரனைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக விடாதே.

ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு, நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால் பொழுது உங்களுக்காகக் காத்திருக்காது. தை மாதக் கடைசியில் காங்கயத்தில் பொழுது இறங்க ஆறு இருபது ஆகும். அங்கே அதே கடிகாரத்தில் ஐந்து இருபதுக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. மார்கழியில் வந்தால் இன்னும் கொஞ்சம் முந்தியே. மூன்று மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். திரும்பும்போது காட்டு ரோடு கருக்கலாக இருக்கும், கையில் ஒரு டார்ச் லைட் வைத்துக்கொள்.

இதை நான் வேலைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். எண்பத்திரண்டரை டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு, அதுதான் இந்திய நேரம், அடிக்கோடு போட்டு எழுது என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். நாம் அந்தக் கோட்டுக்கு மேற்கே ஐந்து டிகிரி தள்ளி இருக்கிறோம், அந்தமான் கிழக்கே பத்து டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம். எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருப்பேன். ஆனால் அது பொழுதாக வந்து கண்ணில் பட்டது அன்றைக்குத்தான்.

நாங்கள் போய் உட்கார்ந்தபோது நாலரை இருக்கும். எதிரே ரட்லாண்ட் தீவு பச்சையாகக் கிடக்கிறது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. வடக்கத்திக்காரர்கள்தான் நிறைய, எல்லோர் கையிலும் போன். அப்பா கையில்தான் ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியும், அந்த நேரத்தில் கையில் கயிறோ தடியோ இல்லாமல் உங்கப்பா இருந்து நான் பார்த்ததில்லை. துண்டை எடுத்து முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எழுந்து நடந்தார், திரும்ப வந்து உட்கார்ந்தார். "இதப் பாக்கறதுக்கா இத்தன தூரம்? நம்ம ஆடு மேயற கொறங்காட்டுல தினமும் எறங்கற பொழுதுதானே" என்றார். நான் பதிலே சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு மேல் வெளிச்சம் மாறியது. கடல் மேல் ஒரு தடம் விழுந்தது, பொழுதிலிருந்து நம் காலடி வரைக்கும். தினமும் இறங்குகிற பொழுதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் காட்டில் அது வேலி மேல் முள்ளுக்கிளுவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நாமும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தரையைத்தான் பார்ப்போம். இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. அதுவும் அதிகம் சாயாமல் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் அப்படித்தான், நம் ஊரிலும்தான். விளிம்பு தொட்டதிலிருந்து முழுசாக மறைய இரண்டு நிமிஷமும் கொஞ்சமும்தான். அயர்லாந்தில், உங்கள் டப்ளினில் ஆனி மாதத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், பொழுது வானத்தில் படுத்த மாதிரி சாய்ந்து இறங்குவதால். ஒரு தடவை நின்று பார்த்துச் சொல்.

எங்களுக்கு அந்த இரண்டு நிமிஷமும் முழுசாகக் கிடைக்கவில்லை. கடலுக்கு ஒரு சாண் மேலே மேகம் கட்டிக்கொண்டது, அதற்குள் போய்விட்டது. கூட்டம் மொத்தமும் ச்சே என்றது, எழுந்தது, வண்டியைப் பார்த்துப் போய்விட்டது. அத்தனை பேரும் ஐந்து நிமிஷத்தில் காலி. நம் டிரைவர் தம்பி மட்டும், "அம்மா, அவசரப்படாதீங்க. இனிமேத்தான் இருக்கு" என்றான். அவன் சொன்னது சரிதான். மேகத்தின் அடிவயிறு முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் கத்திரிப்பூ நிறம். பொழுது கீழே போன பிறகும் வெளிச்சம் மேகத்தைக் கீழிருந்து தொடுகிறது. அவ்வளவு காற்றைத் தாண்டி வருவதற்குள் நீலமெல்லாம் சிதறிப்போய்ச் சிவப்புதான் மிச்சம் வருகிறது. அதுவும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. நீங்கள் போனால் கூட்டத்தோடு எழுந்துவிடாதீர்கள்.

அப்பா முடிச்சுப் போடுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் துண்டு தோளில் கிடக்கிறது, கை இரண்டும் மடியில் சும்மா இருக்கின்றன. "ஏ புள்ள, இதுக்கு நாம ஒண்ணுமே செய்ய வேண்டியதில்ல போல" என்றார்.

வண்டியில் ஏறினதும் மாமனுக்குப் போன் போட்டார். ஐந்தே முக்கால் இருக்கும், எங்களைச் சுற்றிக் கும்மிருட்டு. "ஆட்டப் பட்டீல அடச்சுட்டீங்களா?" என்று கேட்கிறார். மாமன் அந்தப் பக்கம், "ஏனுங் மாப்ளே, இங்க வெய்யலே தாழல, ஆடு இன்னும் மேயுதுங்க" என்கிறார். அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து மணியைப் பார்த்தார். வெளியே இருட்டைப் பார்த்தார். திரும்ப மணியைப் பார்த்தார். நான் டிகிரிக் கணக்கைச் சொன்னேன். வழக்கமாக நான் பாடம் எடுக்க ஆரம்பித்தால் தூங்கிவிடுகிற ஆள், காடு முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் வண்டூர் போகிற வழியில் சிப்பிகாட் என்று ஒரு இடம். பேரனுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னது அங்கேதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பட்டுப்போன மரங்கள். ஏரி என்றுதான் நினைத்தேன். 2004 டிசம்பர் 26 வரைக்கும் அது நெல் வயலும் தோப்புமாக இருந்ததாம். பூகம்பத்தில் தெற்கு அந்தமான் தரை சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சுனாமி வந்து போய்விட்டது, ஆனால் தரை இறங்கினதால் வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவில்லை. அதே பூகம்பத்தில் வடக்கு அந்தமானில் தரை மேலே எழும்பிப் பவளப்பாறை வெளியே தெரிந்ததாம்.

உங்கப்பா அந்த வரப்பிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். சிடியா டாப்புவில்கூட அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கவில்லை. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் வந்து கரையோரத்துத் தோட்டமெல்லாம் உப்புப் பூத்துப்போனதை அவர் கண்ணால் பார்த்தவர். 2011-ல் கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தில் ஒவ்வொரு நாளும் பேப்பரைப் பிடுங்கிப் படிப்பார். "அங்க மனுசன் உப்ப விட்டான். இங்க யார்கிட்டப் போய்க் கேக்கறது" என்றார். அன்றைக்கு மத்தியானம் சோறு சரியாக உண்ணவில்லை.

இனி நான் சொல்ல வந்த சங்கதி.

ஊருக்கு வந்த மறுநாள் ராத்திரி, கட்டுத்தரையில் விளக்கணைத்துவிட்டு வந்து படுத்தவர், "அம்மிணி ஊர்ல ஆனி மாசம் பொழுது எத்தன மணிக்கு எறங்கும்?" என்று கேட்டார். பத்து மணி ஆகும் என்றேன். "ராத்திரி பத்தா? அப்ப எப்பப் பால் கறப்பாங்க?" என்றார். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று நீ அங்கே போன புதிதில் அழுதாயே, அதுவும் இதுவும் ஒரே ஊர்தான் என்றேன். அந்தமானில் கடிகாரத்தால் முந்தி இருட்டுகிறது, டப்ளினில் ஊர் அவ்வளவு வடக்கே இருப்பதால் கோடையில் பகல் நீள்கிறது என்றும் சொன்னேன். பேச்சில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாமா" என்றார்.

நீ எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறாய். மாட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்று நீ சொல்லும்போதெல்லாம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். இனி அந்த வார்த்தையை எடுக்காதே. மாடு இருக்கட்டும், ஆடும் இருக்கட்டும். நான் இதை எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. நீயாகவே கூப்பிடுகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேள். பேரனை விட்டுக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது.

சித்திரையில் கண்ணபுரம் தேரும் மாட்டுச்சந்தையும் முடிகிற வரைக்கும் அவரை நகர்த்த முடியாது, அது உனக்கே தெரியும். ஆடி நோம்பிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பார். நடுவில் உள்ள நாட்கள் உன்னுடையவை. விசாவுக்கு நீங்கள் அங்கிருந்து அனுப்ப வேண்டிய கடிதம் என்ன, நாங்கள் இங்கே எடுத்துவைக்க வேண்டிய காகிதம் என்ன என்று மாப்பிள்ளையிடம் கேட்டு விவரமாக எழுது. பேங்க் பாஸ்புக்கும் தோட்டத்துச் சிட்டாவும் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவுடைய பாஸ்போர்ட்டை எடுக்கவே இல்லை, இந்த மாதம் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பூர் அழைத்துப்போய் விண்ணப்பம் போட வேண்டும். ஆட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. மாமனிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அவரிடம் சொன்னால் அன்றைக்கே சந்தை வரைக்கும் போய்விடும்.

அன்புடன்,
அம்மா