கேப்பையில் நெய்யும், எங்கும் கிடைக்கும் கேப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழலின் வாய்வழியாக வெடிமருந்து அடைக்கும் பழைய துப்பாக்கிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையில். இரண்டாம் தடவை, என் கண்ணில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தில். கண்ணில் கோளாறு இல்லை. "கேப்பு என்பது எங்கும் எளிதாகக் கிடைக்கும் சிறு உதிரிப் பொருள்" என்றுதான் அச்சாகியிருக்கிறது. சுத்தியல் அடித்ததும் வெடித்து, குழலுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் சின்னத் தொப்பியைத்தான் கேப்பு என்கிறோம்.

அந்த 'எங்கும்' எங்கே இருக்கிறது ஐயா? வழி சொன்னால் நாளைக் காலையிலேயே கிளம்பிவிடுவேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். கேப்பு விஷயத்திலும் வாசகனை அப்படித்தான் நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக நான் கேப்பு வைத்துச் சுடும் ஒற்றைக்குழல் ரைபிளில் இலக்கு சுட்டு வருகிறேன். கருமருந்தை அளந்து போட்டு, துணியில் பொதிந்த ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, கடைசியில் குழலின் பின்முனையில் நிப்பிள் என்ற துளையுள்ள சிறு முளையின் தலையில் கேப்பை மாட்ட வேண்டும். உளுந்து அளவுக்கு ஒரு செப்புத் தொப்பி, உள்ளே துளி வெடிமருந்து. சுத்தியல் அதன் தலையில் அடித்தால்தான் மற்றதெல்லாம். அது இல்லாவிட்டால் கையில் இருப்பது நல்ல தேக்கில் செய்த ஊன்றுகோல். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் 'சிறு உதிரி' என்று எழுதியிருக்க மாட்டார்.

போன போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். 30 நிமிடத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10 கணக்கு. என் துப்பாக்கிக்கு 10ஆம் எண் கேப்புதான் கச்சிதம். ஏழு மாதமாக அது கிடைக்காததால் 11ஆம் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். அது கொஞ்சம் தளர்வு. விரலால் இரு பக்கமும் அமுக்கி, வாயைச் சப்பையாக்கித்தான் மாட்ட வேண்டும். எட்டுக் குண்டு நன்றாகப் போனது. ஒன்பதாவதில் 'டிக்'. அவ்வளவுதான், நமத்துப் போன பட்டாசு. சுடவில்லை என்று உடனே துப்பாக்கியை இறக்கிவிடவும் முடியாது. மருந்து உள்ளே புகைந்து தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலை இலக்குப் பக்கமே நீட்டிக்கொண்டு ஒரு நிமிடம் முழுசாக நிற்க வேண்டும். நின்றேன். புதுக் கேப்பை மாட்டினேன். மறுபடி 'டிக்'. தளர்வான கேப்பு நிப்பிளில் சரியாக உட்காராததால், முதல் அடி அதைக் கீழே தள்ளுவதிலேயே போய்விடுகிறது. பதற்றத்தில் மூன்றாவதைப் புல்லில் தவறவிட்டு, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மண்டியிட்டுத் தேடினேன். பக்கத்தில் நின்ற இளைஞர் "விடுங்க சார், இன்னொண்ணு எடுத்துக்கோங்க" என்றார். பாவம், புதுசு. அன்று கையில் இன்னொன்று இருந்தால் எடுக்க மாட்டேனா?

இதில் இன்னொரு வேடிக்கை. ஒரு கம்பெனியின் 11ஆம் எண் இன்னொரு கம்பெனியின் 11ஆம் எண்ணோடு ஒத்துப்போவதில்லை. ஒன்று இறுக்கம், மற்றது தளர்வு. ராணுவ மஸ்கட் துப்பாக்கிக்கான கேப்பு தனி ஜாதி, அகலமான விளிம்பு வைத்த தொப்பி. ஆக, நூறு கேப்பு உள்ள டின் ஒன்று கடையில் இருக்கிறது என்பதாலேயே அது எனக்கு உதவும் என்று அர்த்தமில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான்.

விலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. நான் முதல் டின் வாங்கிய தொகைக்கு இன்று கால் டின்கூட வராது. தபாலில் வரவழைக்கலாமே என்பீர்கள். கேப்பு வெடிபொருள் வகையில் சேருவதால் அனுப்புவதற்குத் தனிக் கட்டணம் வைக்கிறார்கள். ஒரு டின் வாங்கினாலும் பத்து டின் வாங்கினாலும் அந்தக் கட்டணம் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஏன் கிடைப்பதில்லை என்றாவது எழுதியிருக்கலாம். தோட்டாவின் அடியில் இருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமரைச் செய்யும் அதே ஆலைகள்தான் பெரும்பாலும் கேப்பையும் செய்கின்றன. 2020இல் தோட்டாவுக்கு அடிதடி வந்தபோது பிரைமரே காணாமல் போனது. அப்புறம் எங்கள் கேப்பைப் பற்றி யார் கவலைப்படுவது? பந்தியில் எங்களுக்கு எப்போதும் கடைசி இலை. அதிலும் பாதி நாள் சாம்பார் தீர்ந்துவிடும்.

உங்கள் கேள்வி-பதில் பகுதியில் முன்பு ஒருவர் இதே குறையைக் கேட்டதற்கு, "209 பிரைமர் பயன்படுத்தலாமே" என்று பதில் வந்தது. அது ஷாட்கன் தோட்டாவின் பிரைமர். பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னாலேயே இருக்கும், இப்போது வரும் இன்லைன் துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். பக்கவாட்டுச் சுத்தியல் வைத்த பழைய துப்பாக்கியின் நிப்பிளில் அது உட்காராது. "சிக்கிமுக்கிக்கு மாறிவிடுங்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. கேப்புக்குப் பதில் கல் உரசிப் பொறி எழுப்பும் பழைய முறை அது. மாறிப் பார்த்தேன். நல்ல கல் கிடைத்தால் அறுபது எழுபது முறை பொறி விழும். மட்டமான கல் பத்தாவது அடியில் முனை உதிர்ந்து நிற்கும். அது போகட்டும், சிக்கிமுக்கியின் பொறிக்கு அசல் கருமருந்துதான் உடனே பற்றும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து சண்டித்தனம் செய்யும். அசல் கருமருந்து கேப்பைவிட அரிது என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வேறு வழியில்லாமல் சிலர் வீட்டிலேயே கேப்பு செய்யப் போய் விரலைச் சுட்டுக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு மாதம் இடது கையில் கட்டோடு திரிந்தார். அந்த வழி எனக்கு வேண்டாம்.

பழசையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன பயன்? இரண்டு வருஷத்துக்கு முன் 1853 மாடல் என்ஃபீல்டு என்ற கேப்புத் துப்பாக்கியின் படத்தைப் போட்டு, கீழே 'சிக்கிமுக்கித் துப்பாக்கி' என்று எழுதினீர்கள். சுத்தியலின் வாயில் கல்லே இல்லையே! கடிதம் போட்டேன். பதில் இல்லை. இன்னொரு இதழில் கேப்பைக் கண்டுபிடித்தவர் ஃபோர்சைத் என்று வந்தது. அலெக்சாண்டர் ஃபோர்சைத் ஸ்காட்லாந்தில் ஒரு போதகர். சிக்கிமுக்கியின் பளிச்சைப் பார்த்து வாத்துகள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில், அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பற்றவைப்புக்குக் கொண்டுவந்தார். 1807இல் காப்புரிமை வாங்கினார். செப்புக் கேப்பு அதற்குப் பின்னால் வந்தது. நான்தான் முதலில் செய்தேன் என்றவர்கள் பல பேர், அதில் ஜோஷுவா ஷா 1822இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். 'வாசகர் கருத்து' பகுதியில் நான்கு வரி போட்டீர்கள். நான்கில் மூன்று, இதழின் அட்டைப்படத்தை நான் பாராட்டியிருந்த வரிகள்.

சரி, கேட்பது இரண்டே இரண்டு. 'எங்கும் எளிதாக' என்பதற்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம். இனிமேல் கேப்புத் துப்பாக்கி எதைப் பற்றி எழுதினாலும், அதன் நிப்பிளுக்கு எந்த எண் கேப்பு பொருந்தும் என்று ஒரு வரி. கட்டுரையாளருக்கு அது தெரியாவிட்டால் என்னைக் கேட்கட்டும், கோபப்படாமல் சொல்கிறேன்.

இதை எழுதிவிட்டு டின்னை மேஜையில் கவிழ்த்து, மாத்திரை எண்ணுவதுபோல் எண்ணினேன். 41. அடுத்த போட்டிக்கு 13, நிப்பிளில் எண்ணெய் காய முதலில் வெறுமனே சுட இரண்டு. மீதி 26. அதிலும் மூன்று பச்சை பூத்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்

(பெயர் போட வேண்டாம். அட்டைப்படத்தைப் பற்றி இந்த முறை எனக்குக் கருத்து எதுவும் இல்லை.)