குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது; ஆடியில் மட்டும் கோயில் விழாவால் வழக்கமான கூட்டம் நடக்கவில்லை. தெருவிளக்குகள் எரிகின்றன. மூன்றாவது குறுக்குத் தெருச் சாக்கடை இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் உள்ளது, வேண்டியவர்கள் பார்க்கலாம்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது பிள்ளைகளுக்கான சாப்பாட்டு வகுப்பு. ஆகஸ்ட் 15 அன்று நடத்திய ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பாக்கெட் பரிசு கொடுத்தோம். தெருக்கோடி வீட்டுப் பாட்டி ஒரு பாக்கெட்டை வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஓடி ஜெயிச்ச புள்ளைக்குக் காத்தடைச்ச பையையா குடுக்கிறீங்க?” என்று கேட்டார். அன்று மாலையே குழு அவசரமாகக் கூடியது. செப்டம்பர் ஊட்டச்சத்து மாதம் என்பதால் அப்போதே தொடங்கிவிடலாம் என்று முடிவானது.

முதல் வகுப்பு என் யோசனை, ஆகவே அதன் தோல்வியும் என்னுடையதே. புரதம், மாவுச்சத்து, வைட்டமின் என்று அட்டையில் எழுதி மாட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். இரண்டு பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கடைசியில் “சந்தேகம் இருந்தால் கேளுங்கள்” என்றதற்கு, “அங்கிள், எப்ப விடுவீங்க?” என்று ஒரு பையன் கேட்டான். அட்டை இப்போது அலுவலக அறையில் ஒட்டடைக்கு மறைப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் சங்கத் திண்ணையில் சுண்ணாம்பால் பெரிய பரமபதம் வரைந்தோம். பிள்ளைகளே காய்கள், சோழி உருட்டி நகர வேண்டும். ஏணி ஏறினால் கேழ்வரகு, முருங்கைக்கீரை, கடலை, முட்டை. பாம்பு கடித்தால் பஜ்ஜி, மிட்டாய், சோடா. ஆட்டம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சிறுமி பஜ்ஜிப் பாம்பின் தலையில் நின்றபடி அழத் தொடங்கினாள். அவள் அப்பா பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில்தான் அவள் பள்ளிக் கட்டணம் வருகிறது. நமக்கு அது தோன்றவே இல்லை. மறுவாரம் பாம்புகளை மாற்றிவிட்டோம். இப்போது எந்தப் பாம்புக்கும் பலகாரத்தின் பெயர் கிடையாது. “காலையில் சாப்பிடாமல் ஓடினாய்”, “கை கழுவவில்லை”, “சோறு தின்ற கையோடு டீ குடித்தாய்”, “டிவி பார்த்துக்கொண்டே தின்றாய்” என்று செய்கைகளை எழுதினோம். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும் என்பதை இந்த ஆட்டத்தில்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பாம்பு கடித்தவன் எலுமிச்சை அட்டையைக் காட்டினால் தப்பிக்கலாம் என்ற விதியை அவர்களே சேர்த்தார்கள்.

இரண்டு வீடுகளிலிருந்து பல்லாங்குழிப் பலகைகள் வந்தன. பதினான்கு குழியிலும் கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, உளுந்து, துவரை என்று கலந்து போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். கொள்ளையும் பச்சைப்பயறையும் கையால் பிரித்துச் சொன்னவர்கள் மூன்றே பேர். பெரியவர்களையும் உட்காரவைத்தோம், தலைவர் உளுந்தைப் பச்சைப்பயறு என்றார். ஆட்டம் முடிந்ததும் அதே பயறை ஊறவைத்துத் துணியில் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மறுநாளே முளை வந்துவிட்டதென்று வாட்ஸ்அப்பில் படங்கள் குவிந்தன. ஒருவன் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, நாற்றம் தாங்காமல் வீட்டில் திட்டு வாங்கினான். காற்று வேண்டும் என்பது அவனுக்கு இனி மறக்காது.

நவம்பரில் உழவர் சந்தைக்குப் போனோம். குழுவுக்கு 50 ரூபாய், ஐந்து நிறத்தில் காய் கனி வாங்கி வர வேண்டும். ஒரு குழு பேரம் பேசிப் பேசியே நேரத்தை விட்டது. இன்னொரு குழு முழுப் பணத்துக்கும் கொய்யா வாங்கி வந்து, வெளியே பச்சை, உள்ளே சிவப்பு, கொட்டை வெள்ளை, ஆகவே மூன்று நிறம் என்று வாதாடியது. ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கொய்யாவை எல்லோரும் சேர்ந்து தின்றோம்.

மாம்பழ விஷயம் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். நம் தர்மபுரி மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் விளையும் பெங்களூரா மாம்பழம் கூழாகி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து, பாட்டிலில் நம் தெருப் பெட்டிக்கடைக்கே திரும்பி வருகிறது. 200 மில்லி பாட்டில் ஒன்றின் பின்பக்கப் பொடி எழுத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்தாள். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்றிருந்தது. டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்து, தம்ளரில் சர்க்கரையை அளந்து போடச் சொன்னோம். ஆறரை ஸ்பூன். சேர்க்கப்படும் சர்க்கரை குழந்தைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. அந்த ஒரு பாட்டிலே ஏறக்குறைய அந்த அளவை எட்டிவிடுகிறது. நான் பேசிய முக்கால் மணி நேரத்தை விட அந்தத் தம்ளர் அதிகம் பேசியது. அதன் பிறகு சில வீடுகளில் அப்பாக்களின் டீயில் எத்தனை ஸ்பூன் என்ற விசாரணை நடப்பதாகப் புகார் வந்திருக்கிறது. சங்கம் அதில் தலையிடாது.

மார்கழியில் கேழ்வரகுக் களி கிண்டினோம். பாட்டி தன் வீட்டுத் திருகைக்கல்லைக் கொடுத்தார். பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றினார்கள். கால் படி மாவு வருவதற்குள் கை வலித்துவிட்டது, மீதியை மில்லில்தான் அரைத்தோம். கொதிக்கும் நொய்யில் மாவைக் கொட்டிக் குவித்து, நடுவே துடுப்பால் குத்தி வேகவிட்டு, இரண்டு பேர் பானையைப் பிடிக்க இரண்டு பேர் கிண்ட வேண்டும். கையை நனைத்து உருண்டை பிடித்தபோது ஆளுக்கொரு அளவில் வந்தது. கொள்ளுக் கடைசல் ஊற்றி, மெல்லாமல் விழுங்கும் வித்தையைப் பாட்டி கற்றுக்கொடுத்தார். பாதிப் பேர் மென்றுதான் தின்றார்கள், பரவாயில்லை. 2023 முதல் நம் மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கோழிக்குப் போடும் வீடுகளும் நம் தெருவில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

இந்த ஊரில் கேழ்வரகுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது, ஆனாலும் போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. உணவில் சுண்ணாம்புச்சத்து போதுமான அளவு இருந்தால் உடம்பு ஃப்ளோரைடை உறிஞ்சுவது குறையும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் அதெல்லாம் பெயரளவுக்குத்தான். ஃப்ளோரைடால் தன் பல்லில் விழுந்த பழுப்புக் கோடுகளைப் பாட்டி தாமாகவே பிள்ளைகளுக்குக் காட்டினார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

கட்டடத்தின் பின்னால் அரைக்கீரைப் பாத்தி போட்டோம். கை கழுவும் தண்ணீர் அதற்குப் போகிறது. முதல் விளைச்சலை ஆடு தின்றுவிட்டது. யாருடைய ஆடு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் முறை பறித்துக் கடைந்தபோது, வீட்டில் கீரையைத் தட்டின் ஓரம் ஒதுக்குகிறவர்களே “இது நான் தண்ணி ஊத்துனது” என்று கேட்டு வாங்கினார்கள். எல்லோரும் அல்ல. பாகற்காய்க்கு இன்றுவரை ஒரே ஒரு ரசிகன்தான். ஒரு வாய் ருசி பார்த்தால் போதும், துப்பினாலும் திட்டக்கூடாது, “இதைத் தின்றால் சாக்லெட்” என்ற பேரமும் கூடாது என்பது நம் விதி. புது ருசி பிள்ளைக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். இரண்டாம் தடவையிலேயே “இவன் இதைத் தொட மாட்டான்” என்று முத்திரை குத்துவது நாம்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறவர்கள் யார் என்று பிள்ளைகளையே கேட்டோம். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பொங்கல், உப்புமா, கிச்சடி, சாம்பார் என்று வரிசையாகச் சொன்னார்கள். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. கை தூக்கியவர்களில் அதிகம் பேர் ஏழு மணிக்கே வேன் ஏறும் தனியார் பள்ளிப் பிள்ளைகள், அதாவது நம் நிர்வாகக் குழு வீட்டுப் பிள்ளைகள்.

குறைகளும் உண்டு. அருகில் உள்ள ஒரு பள்ளியின் மைதானத்தைக் கேட்டு இரண்டு முறை எழுதினோம், பதில் இல்லை. வகுப்புக்கு வரும் பெரியவர்களில் அப்பாக்கள் மிகக் குறைவு. தேர்வுக் காலமான பிப்ரவரி, மார்ச்சில் வகுப்பு ஏறக்குறைய நின்றேபோனது. அப்புறம், குழுக் கூட்டத்தில் நாம் டீயும் கிரீம் பிஸ்கட்டும் சாப்பிடுவதை ஜன்னல் வழியே பார்த்த ஒரு குட்டி, “உங்களுக்கு மட்டும் பாம்பு கடிக்காதா?” என்று கேட்டாள். அன்று முதல் சுண்டல்தான். பொருளாளர் தன் பிஸ்கட்டைச் சட்டைப்பையில் கொண்டுவருகிறார் என்பது உறுதிப்படுத்தப்படாத தகவல்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, விளையாட்டு விழாப் பரிசாகக் கடலை உருண்டையோ பழமோ மட்டும் கொடுப்பது. இரண்டு, கீரைப் பாத்திக்கு வேலி போடுவது. கம்பி வேலிக்குப் பணம் இல்லை. பழைய சேலையோ மூங்கிலோ இருப்பவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொண்டுவரவும். ஆட்டின் உரிமையாளரும் வந்தால் நல்லது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்
தர்மபுரி