கையெழுத்துக் கேட்டு வந்த தம்பிக்கு

திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் ஒழுங்கையில் வாடகை வீடொன்றில் நடக்கும் ஜெபக்கூட்டத்தை நிறுத்தவேண்டும் என்று பிரதேச செயலாளருக்கு எழுதிய மனுவில் நான் ஏன் கையெழுத்திடவில்லை என்று கேட்டீர். படலையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய காரணமாக அது இருக்கவில்லை. உம்மைப்போல் எண்ணுகின்ற வேறு இளைஞர்களும் வாசிக்கட்டும் என்றே இதனைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

"உலகத்தில் இருநூறு கோடிக்கு மேல் இருக்கிற கிறிஸ்தவச் சனத்தை ஆர் மாஸ்ரர் துன்புறுத்துறது?" என்று கேட்டீர். தொகை சரிதான். ஆனால் எவரும் உலகத் தொகைக்குள் வாழ்வதில்லை. ஓர் ஊரில், ஓர் அரசின்கீழ், குறிப்பிட்ட சில அயலவரோடு வாழ்கிறார்கள். எரித்திரியாவில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அங்கே 2002 ஆம் ஆண்டிலிருந்து ஓதடொக்ஸ், கத்தோலிக்கம், லூதரன், சுன்னி இஸ்லாம் ஆகிய நான்குக்கு மட்டுமே அரசின் அங்கீகாரம் உண்டு. மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்கள் வீட்டுக்குள் கூடி ஜெபித்ததற்காகப் பிடிக்கப்பட்டு, விசாரணையின்றிக் கப்பற் கொள்கலன்களில்கூட அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ஓதடொக்ஸ் திருச்சபையின் தலைவர் அபுனே அந்தோனியோஸும் அரசின் தலையீட்டை எதிர்த்தமையால் பதவி பறிக்கப்பட்டு, 2022 இல் இறக்கும்வரை வீட்டுக்காவலிலேயே இருந்தார். சீனாவில், பதிவுசெய்ய மறுத்த சபையொன்றின் போதகரான வாங் யீக்கு 2019 டிசம்பரில் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உய்குர் முஸ்லிம்களை முகாம்களில் அடைத்ததும் அதே அரசுதான்.

பாகிஸ்தானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2009 இல் பஞ்சாப் மாகாணத்துக் கிராமமொன்றில், பழம் பறிக்கும் வேலைக்குப் போன ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவர் தொட்ட பாத்திரத்தில் தாங்கள் குடிக்கமுடியாது என்று கூட வேலைசெய்த பெண்கள் சொன்னதிலிருந்து வாக்குவாதம் எழுந்தது. அது நபிகளை நிந்தித்த குற்றமாக மாறி, மறு ஆண்டில் மரணதண்டனையில் வந்து நின்றது. அவருக்காகப் பேசிய ஆளுநர் சல்மான் தசீர் 2011 சனவரியில் தம் மெய்க்காவலர் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். முன்னவர் முஸ்லிம், பின்னவர் கிறிஸ்தவர். 2018 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணை விடுதலை செய்தது. அந்தச் சட்டத்தின் வேர், சமய உணர்வுகளைப் புண்படுத்துவதைத் தடுப்பதற்கென்று 1927 இல் பிரித்தானியர் சேர்த்த ஒரு பிரிவில் இருக்கிறது. சியா உல் ஹக்கின் ஆட்சியில், 1980களில், அதனோடு ஆயுட்தண்டனையும் மரணதண்டனையும் கொண்ட பிரிவுகள் சேர்க்கப்பட்டன. இன்று அதில் அகப்படுவோரில் அகமதியரும் சுன்னி முஸ்லிம்களும் மிகப் பலர். எல்லாரையும் காப்பதாகச் சொல்லி எழுதிய பிரிவு, அதை யார் கையில் எடுக்கிறாரோ அவருக்கே சேவகம் செய்யும்.

தண்ணீர்ப் பாத்திரக் கதையைக் கேட்டு நாம் வியப்பதற்கு நியாயமில்லை. நம் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் போத்தலில் தேநீர் கொடுத்த காலம் என் நினைவுக்கு எட்டிய காலந்தான். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே வர முயன்றவர்களை மறித்து நின்றவர்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லர். நீர் மதமாற்றம் என்று கொதிக்கிறபோது, யார் எந்தக் கதவை அடைத்ததனால் அந்த மனிதர் வேறு வாசல் தேடினார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளும்.

உம்முடைய மனு 2008 ஆம் ஆண்டில் சமய விவகார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையை ஆதாரமாகக் காட்டுகிறது. புதிய வழிபாட்டிடம் அமைப்பதற்கு அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம்; வீடுகளில் கூடும் சிறிய சபைகளை மூடவைப்பதற்கு அது நாட்டின் பல பகுதிகளில் பயன்பட்டு வந்திருக்கிறது. அதற்கு முன்னர், 2003 இல், திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, சமயத்தைப் பின்பற்றும் உரிமையே அரசியலமைப்பில் உண்டு, பரப்புவது அடிப்படை உரிமை அன்று என்று நீதிமன்றம் கூறியது. அந்த மசோதா பௌத்த சாசனத்துக்குப் பாதகமாகலாம் என்பதும், ஆகவே 9 ஆம் உறுப்புரைக்கு முரணானது என்பதும் அதன் நியாயம். 2005 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, இலங்கை அந்தக் கன்னியரின் சமய உரிமையையும் சமத்துவ உரிமையையும் மீறியது என்று கண்டது. 9 ஆம் உறுப்புரை எந்தச் சமயத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது என்பதைச் சைவரான உமக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை.

அதே 2005 இல்தான் நம் பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் இரவுக்குள் புத்தர் சிலை முளைத்தது. கடைகள் அடைக்கப்பட்டன, நகரம் பல நாள் பதற்றத்தில் கிடந்தது. 2019 யூலையில், கன்னியாவில் பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் பௌத்த தாதுகோபம் எழுப்புவதை எதிர்த்துச் சைவ மக்கள் திரண்டபோது பொலிஸார் வழிமறித்தார்கள். நாங்கள் அங்கே கேட்டது என்ன? அதிகாரமும் எண்ணிக்கையும் உள்ளவர் தீர்மானிக்கும் இடத்தில் அல்லாமல், எங்கள் முன்னோர் கும்பிட்ட இடத்தில் கும்பிட விடுங்கள் என்பதே. கன்னியாவில் அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஒழுங்கையில் அதற்கு எதிராக மனுக்கொடுத்தால், மறுமுறை கச்சேரிக்குப் போகும்போது எந்த முகத்தோடு போவது?

நீர் கோணேசர் கோயிலை நினைவூட்டினீர். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதனை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினான்; அதனை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கும் அதிகாரமும் எனக்கில்லை. அவர்கள் கண்ணில் படாதபடி சைவர்கள் விரதச் சாப்பாடு உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்த கதையை உம்முடைய அப்பம்மாவும் சொல்லியிருப்பார். ஆனால் போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கரையே வேட்டையாடினார்கள். கோவாவிலிருந்து 1687 இல் கூலியாள் வேடத்தில் வந்த யோசே வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் ஒளிந்து ஒளிந்துதான் பூசை வைத்தார். கடைசியில் அவருக்கு நிழல் கொடுத்தது கண்டியரசன் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்தன். அவரை ஒற்றர் என்று முதலில் சிறையில் வைத்ததும் அதே கண்டிதான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தை நீர் நேரில் பார்த்திருப்பீர். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களில் அதுவும் ஒன்று; அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தாக்கப்பட்ட தேவாலயங்கள் பெரிய கத்தோலிக்க ஆலயங்கள். சீயோனோ நீர் "அல்லேலூயாக் கூட்டம்" என்று நகைக்கும் வகையைச் சேர்ந்த சபை. ஞாயிறு வகுப்பு முடித்த பிள்ளைகள் பலர் அங்கே செத்தார்கள். அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில், குண்டோடு எந்தச் சம்பந்தமுமில்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் நொறுக்கப்பட்டன. அக்காலத்தில் பழிவாங்க வேண்டாம் என்று பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அவருடைய வேறு கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒன்றில் அவருக்குத் தலைவணங்குகிறேன்.

உம்முடைய முறைப்பாடுகளில் இரண்டு நியாயமானவை. சுனாமிக்குப் பிறகு சில குழுக்கள் அரிசி மூட்டையோடு துண்டுப்பிரசுரமும் கொடுத்தன. இழந்து நின்றவர்களிடம் அப்படிச் செய்தது இழிவு, அதனை முகத்துக்கு நேரே சொல்லலாம். மற்றது ஒலிபெருக்கி. இரவு ஒன்பதுக்குப் பின் சத்தம் வந்தால் அது சத்தம் பற்றிய முறைப்பாடு; எங்கள் கோயில் திருவிழாவுக்கும் அதே அளவுகோல்தான். இவ்விரண்டையும் எழுதித் தாரும், முதற் கையெழுத்து என்னுடையது. சுற்றறிக்கையைச் சுட்டும் பந்தியும், "அனுமதியற்ற வழிபாடு" என்ற தலைப்பும் அதில் இருக்கக்கூடாது.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒலிபெருக்கி பற்றி அந்தப் போதகரோடு பேசப் போகிறேன். வீட்டுக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீரும் வாரும், சொல்ல வேண்டியதை அவரிடமே நேராகச் சொல்லும்.

அன்புடன்,
உம்முடைய பழைய மாஸ்ரர்