நாள் கடந்த அறிவிப்பும் நாள் கடக்காத கட்டுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணையதளத்தில் வரும் தபால்தலை, நாணயச் சேகரிப்போர் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே விடாமல் படித்து வருபவன் நான். மொரீசியஸில் இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலர் என்பதால், அப்பக்கம் நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பேத்தி, பக்கத்தின் மேல்வரிசையில் தெரிந்த ஒரு கண்காட்சி அறிவிப்பைக் கைப்பேசியில் காட்டி, "தாத்தா, சனிக்கிழமை போகலாமா?" என்று கேட்டாள். "வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு" என்று இருந்ததே தவிர, மாதமோ ஆண்டோ அதில் இல்லை. ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறிப் போர்ட் லூயிஸில் இறங்கி மண்டபத்து வாசலுக்குப் போன பிறகுதான், அந்தக் கண்காட்சி முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது என்று காவலாளி சொல்லித் தெரிந்துகொண்டோம். மற்றவர்களோடு மாற்றிக்கொள்வதற்காகத் தன்னிடம் இரண்டிரண்டாக இருந்த தபால்தலைகளை ஒரு சிறு உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். திரும்பும் வழியெல்லாம் அந்த உறையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் நான் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமையோடு பயன் முடிந்துபோகும் அறிவிப்பையும், பத்தாண்டு கழித்தும் ஒரு சிறுவன் தேடி வந்து படிக்கக்கூடிய கட்டுரையையும் ஒரே வரிசையில் அடுக்குவதால் வரும் கோளாறு இது. அறிவிப்புகள் பெருகப் பெருகக் கட்டுரைகள் அடியில் போய்விடுகின்றன. அவை கண்ணில் படாததால் அதே பொருளை வேறொருவர் புதிதாக எழுதுகிறார். உறையிலிருந்து தபால்தலையைப் பிரித்தெடுப்பது பற்றி மட்டும் மூன்று கட்டுரைகளை நான் கண்டேன். எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாம் என்கிறது ஒன்று. நீர் தடவாமலே ஒட்டும் இப்போதைய தானொட்டித் தபால்தலைகள் பலவற்றில் நீரில் கரையும் அடுக்கே இல்லை என்றும், அவற்றைச் சுற்றிலும் சிறிது தாள் விட்டு வெட்டி அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்றும் சரியாகச் சொல்கிறது மற்றொன்று. முதல் கட்டுரையை மட்டும் படித்தவர் ஒரு நல்ல தபால்தலையைப் பிசுபிசுத்த பசையோடு கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

ஆகவே நிலையான கட்டுரை என்பது ஒருமுறை எழுதி விட்டுவிடுவதன்று. 1847 செப்டம்பரில் நம் தீவு வெளியிட்ட, 'போஸ்ட் ஆபிஸ்' என்று பொறித்த ஒரு பென்னி, இரண்டு பென்னித் தபால்தலைகளைப் பற்றிய தங்கள் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். அவற்றைச் செதுக்கிய ஜோசப் பார்னார்ட், வகைக்கு 500 என அச்சான பிரதிகள், ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி தம் நடன விருந்து அழைப்புகளில் அவற்றை ஒட்டி அனுப்பியது ஆகிய செய்திகள் என்றைக்கும் நிற்கும். ஆனால் 'போஸ்ட் பெய்டு' என்று பொறிக்க வேண்டிய இடத்தில் பார்னார்ட் தவறி 'போஸ்ட் ஆபிஸ்' என்று பொறித்துவிட்டார் என்ற பழங்கதையை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. அந்தப் பத்தியைத் திருத்த வேண்டும். அத்தகைய அழைப்பு உறை ஒன்று 2021 ஜூனில் ஜெர்மனியில் 81 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது என்பது வந்த அன்று செய்தி. இனி அதைத் தனியே விட்டுவைக்காமல், ஆண்டோடு சேர்த்து இக்கட்டுரைக்குள் ஒரு வரியாக அமைத்துவிடலாம். போர்ட் லூயிஸின் கோடான் நீர்முகப்பிலுள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தின் திறப்பு நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. அவற்றுக்குக் கட்டுரையின் அடியில், சரிபார்த்த தேதியோடு, ஒரு சிறு பெட்டி போதும்.

செய்தி முதிர்ந்து வரலாறாகும் என்பதை நம் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1998-இல் வந்த புதிய மொரீசியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னே தள்ளப்பட்டதும், நம்மவர் எதிர்ப்பால் அவை திரும்பப் பெறப்பட்டதும் அன்று அவசரச் செய்தி. இன்று நோட்டுச் சேகரிப்பவர் ஒவ்வொருவரும் கேட்டறிய விரும்பும் செய்தி அது. காலம் முடிந்தது என்று அழித்திருந்தால் அதை இனி எங்கே போய்த் தேடுவது?

எனவே கண்காட்சி, வெளியீட்டு நாள், ஏலம் ஆகியவற்றை முழுத் தேதியோடு தனி வரிசையில் போட்டு, நாள் கடந்ததும் 'முடிந்தது' என்று குறித்து ஆண்டுவாரியாகச் சேமிப்பில் வைக்க வேண்டுகிறேன். செய்முறை, வரலாற்றுக் கட்டுரைகள் பொருள்வாரியாக இருக்கட்டும். ஒரு பொருளுக்கு ஒரே கட்டுரை, அதன் தலைப்பின் கீழ் கடைசியாகத் திருத்திய தேதி. நம் ஈரக்காற்றில் தபால்தலைகளில் பழுப்புப் புள்ளி விழாமல் காப்பது எப்படி என்ற அருமையான கட்டுரை அவற்றுள் முதலில் நிற்க வேண்டியது; மழைக்காலம் வரும்போதெல்லாம் அதை முகப்புக்குக் கொண்டுவந்தால் போதும், புதிதாக எழுத வேண்டியதில்லை.

அச்சில் வந்த சேகரிப்போர் பக்கங்களை நாள் குறித்து நறுக்கி ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். தேதியில்லாமல் இணையத்தில் கிடக்கும் பழைய கட்டுரைகளுக்குத் தேதி கண்டுபிடிக்க அது உதவும் என்றால், தங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ரோஸ் ஹில்