சொடக்கு விழுந்தால் இடுப்பு சரியாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓடுகிறவர்களின் இடுப்பு இறுக்கத்துக்குக் கைகளால் செய்யும் பிசியோதெரபி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்து வருடத்துக்கு மேலாக ஓடுகிறவன், அதில் இரண்டு வருடம் வலது இடுப்போடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். சிகிச்சை பலன் தரும் என்று எழுதியது சரி, ‘விலகிய மூட்டை இடத்தில் உட்கார வைப்பார்கள்’ என்று எழுதியதுதான் தப்பு.

இடுப்பு மூட்டு அவ்வளவு லேசில் விலகாது. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, முன்பக்கம் அதைக் கட்டிப்பிடித்திருக்கும் இலியோஃபெமரல் தசைநார்தான் உடம்பிலேயே வலுவானது. நிஜமாகவே விலகினால் ஓடுவது இருக்கட்டும், எழுந்து நிற்கவே முடியாது. சிகிச்சையின்போது மூட்டில் கேட்கும் அந்தச் சொடக்குச் சத்தத்துக்கும் எலும்பு இடத்தில் உட்காருவதற்கும் சம்பந்தமில்லை. மூட்டை இழுக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயு நிறைந்த குழி உண்டாவதை, கனடா ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் வைத்துப் படமே பிடித்துவிட்டார்கள்.

பின்னே கை வைத்ததும் கால் ஏன் லேசாகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வேலைதான். வலியையும் இழுவையையும் பொறுத்துக்கொள்ளும் அளவு கொஞ்ச நேரத்துக்குக் கூடுகிறது, தசை பிடியைத் தளர்த்துகிறது, ஆனால் அதன் நீளம் ஒன்றும் மாறிவிடுவதில்லை. எனக்கும் அதே கதைதான், வாரம் ஒரு முறை போவேன், மிதப்பது போல வெளியே வருவேன், மூன்றாவது ஓட்டத்தில் பழைய இறுக்கம் திரும்பி வந்து நிற்கும்.

அப்புறம் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதலில் அளந்தார். மேசை விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்து, மற்ற காலைத் தொங்கவிட வேண்டும். தொங்கும் தொடை கீழே இறங்காமல் தூக்கி நின்றால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுக்கம் என்று அர்த்தம். 19-ஆம் நூற்றாண்டு டாக்டர் ஹியூ ஓவன் தாமஸ் பெயரில் இருக்கும் சோதனையின் ஒரு வடிவம் இது. பத்து நிமிடம் கை வைத்தார், திரும்ப அளந்தார், சட்டை மடிப்பு கலைவதற்குள் எழுப்பிவிட்டு, பின்காலைப் பெஞ்சில் வைத்து எடையோடு உட்கார்ந்து எழச் சொன்னார். ‘இப்போ கிடைச்ச அசைவை இப்போவே உபயோகிக்கலைன்னா நாளைக்கு இருக்காது சார்’ என்றார். உங்கள் கட்டுரையில் விடுபட்டது இந்த இரண்டாவது பாதிதான். கால் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் தொடை உடம்புக்குப் பின்னால் போக வேண்டும், போகாவிட்டால் அந்தப் பாக்கியைக் கீழ்முதுகு வளைந்து கட்டுகிறது. அதற்கும் பெரிய வளைவெல்லாம் தேவையில்லை, நிதானமாக ஓடுகிறவருக்குச் சில டிகிரிகள்தான், அதைத் தாங்கும் பலம் புட்டத் தசைக்கு இருக்க வேண்டும். சிலருக்குத் தொடை எலும்பின் கழுத்தே, அதாவது உருண்டைத் தலைக்குக் கீழே உள்ள குறுகிய பகுதியே, புடைத்த அமைப்பில் இருக்கும், அங்கே அழுத்தி அழுத்தி உள்பக்கம் திருப்பினால் வலிதான் மிச்சம்.

முக்கியமான ஒன்று. தொடை இடுக்கில் ஆழமான வலி, ஓட ஓடக் கூடுகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்கிறது என்றால் யாரிடமும் அமுக்கக் கொடுக்காதீர்கள். தொடை எலும்புக் கழுத்தில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ.தான் காட்டும். என்னோடு ஓடுகிற ஒருவர் தசைப்பிடிப்பு என்று நினைத்து மூன்று வாரம் மசாஜும் ஓட்டமுமாக இருந்தார், கடைசியில் திருகாணி போட்டுத்தான் எலும்பைச் சேர்த்தார்கள். இந்த எச்சரிக்கையை ஒரு கட்டச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓடுகிற வாசகர் ஒருவர்