பழைய குடியிருப்புகளின் வெப்பக் காப்புப் பணியை நான்கு உள்ளாட்சிகளும் சேர்ந்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
நான்காம் பிளாக் மேல்மாடிக் குடியிருப்போர்

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய அடுக்குமாடிக் கட்டடங்களின் மேல்தளச் சீரமைப்பை ஒரே கூட்டுத் திட்டமாக எடுத்துச் செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பிளாக் தங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, படிக்கட்டுச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும் அதே கட்டடம்தான். முன்பு கொடுத்த மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. அதனால் நான்காவது முறையாகப் பணிவுடன் எழுதுகிறோம்.

1. எங்கள் வீதியின் இந்தப் பக்கம் ஒரு உள்ளாட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. ஆனால் இரண்டு பக்கமும், அடுத்துள்ள இரண்டு உள்ளாட்சிகளிலும் நிற்கும் பழைய பிளாக்குகள் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை. பெரும்பாலும் அதே கூரை, அதே சுவர், அதே ஜன்னல். ஒன்றை ஆய்வு செய்தால் மற்றவற்றுக்கும் பெருமளவு பொருந்தும்.

2. ஒவ்வொரு உள்ளாட்சியும் தனித்தனியாக டெண்டர் விட்டுப் பார்த்தது. ஒரு பிளாக்குக்காக ஆளும் பொருளும் கொண்டுவரக் கட்டுப்படியாகாது என்று ஒப்பந்தக்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

3. எங்களை வாட்டுவது வெக்கை. பகல் முழுக்க வெயிலை வாங்கும் கான்கிரீட் தளம், இரவில் அதை எங்கள் தலைமேல் இறக்குகிறது. தளத்தில் பதித்த தட்டோடுகள் பாதிக்கு மேல் பெயர்ந்துவிட்டன. மிச்சமிருப்பது கறுத்துப்போன காரை. கறுத்த பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பூச்சு ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கான்கிரீட் வெப்பத்தைக் கடத்தும் வேகம், வெப்பத்தைத் தடுக்கப் பதிக்கும் காப்பு நுரைப் பலகையைப்போல் முப்பது, நாற்பது மடங்கு. தாங்கள் பொறியியல் படித்தவர், இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லோர் சார்பிலும் இதை எழுதும் நான், எங்கள் வீட்டு இரவைச் சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு 78 வயது. இரவு ஒன்பது மணிக்கும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கை வைக்க முடியாது. மின்விசிறியைப் போட்டால் கூரையடி அனலை வாரி முகத்தில் கொட்டுகிறது, நிறுத்தினால் மூச்சு முட்டுகிறது. முகம் கழுவக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் சுடுகிறது. பக்கெட்டில் பிடித்து ஒரு மணி நேரம் ஆறவைத்துத்தான் அவருக்குத் துணி நனைத்துப் போடுகிறேன். அந்த ஈரத்துணி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, மறுபடி நனைக்கிறேன். விடிய விடிய இதே வேலை. மாடியில் சாக்கை நனைத்துப் பரப்பிப் பார்த்தோம். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது கட்டிலில் இல்லை.

ஏசி வைத்துக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வைத்தவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரே தளத்தில் நாலு ஏசி ஓடினால் பழைய வயரிங் தாங்காமல் மெயின் ட்ரிப் ஆகிறது. வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போகிறது. கூரையைச் சரிசெய்யாமல் ஏசி போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. எவ்வளவு மின்சாரம்தான் இப்படி வீணாவது?

4. “பழைய கட்டடம், இடித்துக் கட்டத்தான் வேண்டும்” என்கிறார்கள். சரி, எப்போது? தூண்களும் விட்டங்களும் உறுதியாக இருப்பதாகப் பார்வையிட வந்த பொறியாளரே சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் எதற்கு இடிப்பது? இடிக்கப் போவதாகச் சொல்லிச் சொல்லியே ஒரு தட்டோடுகூட மாற்றாமல் எத்தனை கோடையைக் கடத்துவது? எல்லையைக் காட்டி ஒரு உள்ளாட்சி இன்னொன்றிடம் அனுப்புகிறது, அது நிதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. வெயில் எல்லை பார்த்தா அடிக்கிறது ஐயா?

5. நடக்காத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைச் சூடேறாமல் வைக்கும் குளிர்கூரைக்கென்றே தெலங்கானா 2023இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய கட்டட ஆற்றல் விதிகளில், சீரமைப்புக்கான ஆலோசனையும் உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையங்களை அமைக்க உறுப்பு நாடுகளைப் பணித்திருக்கிறது. எல்.இ.டி. பல்பை இந்தியா மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது அதன் விலை எப்படிச் சரிந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நான்கு உள்ளாட்சிகள் ஒரே பட்டியலில் பூச்சும் காப்புப் பலகையும் வாங்கினால் இங்கேயும் விலை இறங்கும்.

6. ஆகவே நாங்கள் வேண்டுவது: நான்கு உள்ளாட்சிகளுக்கும் பொதுவாக ஒரு குழு, கட்டடத்தில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுக்கும் ஆற்றல் தணிக்கை தெரிந்த ஒரு பொறியாளர், எல்லா பிளாக்குகளுக்கும் சேர்த்து ஒரே டெண்டர். வேலையும் வரிசையாக நடக்க வேண்டும். முதலில் விரிசலும் கசிவும், அதன்பின் காப்பு, கடைசியாக வெள்ளைப் பூச்சு. அவசரத்தில் விரிசல் மேலேயே பூசிவிட்டுப் போனால் உள்ளே இறங்கிய ஈரம் தங்கி, கம்பி துருப்பிடிக்கும். இரண்டாம் பிளாக்கின் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ஈரம் வெளியேற வழிவிடும் பூச்சுதான் பொருந்தும், அங்கே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடக் கூடாது. இதையெல்லாம் பார்த்துச் சொல்ல அந்தப் பொறியாளர் ஒருவர் போதும், நான்கு பேர் வேண்டாம்.

முழுத் திட்டத்துக்கு நாளாகும் என்றால், இந்தக் கோடைக்குள் மேல்தளத்துக்கு மட்டுமாவது விரிசலை அடைத்து வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் தாருங்கள். இன்னொரு ஒப்புகைச் சீட்டு எங்களுக்கு வேண்டாம்.

மீண்டும் கைகூப்பிக் கேட்கிறோம். ஒரே ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல்மாடிக்கு வாருங்கள். மற்ற மூன்று உள்ளாட்சி அலுவலர்களையும் அழைத்து வாருங்கள். பேச வேண்டாம், விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். நாற்காலிகள் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்காம் பிளாக் மேல்மாடிக் குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், கூரையின் புகைப்படங்கள்.